இருநூற்றைம்பது மில்லியில் ஒன்று

1

“உனக்கும் அது தெரியுதா, இல்ல எனக்கு மட்டுந்தானா?”

ராத்கா அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. வேறெங்கிருந்தோ வந்ததாகக் காட்ட ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். அது இதோ:

[அடித்தது: மலைகளுக்கு நடுவே த்ரிவோதி என்றொரு சிற்றூர். அங்கே பூமி உறக்கத்தில் கண்ட கனவொன்று கண்ணோரம் கசிந்து ஊற்றாகி – நெ.]

ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். பத்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடித்ததை ஏன் அப்படியே விட்டிருக்கிறாய் என்று கேட்பீர்கள். வீட்டில், மாவுப் பெட்டிக்குப் பின்னால், ஆறு நோட்டுகள் ஒளித்து வைத்திருக்கிறேன். அவற்றில் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். இது நோட்டு இல்லை. எங்கள் ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைக்கும் ஆலையின் சோதனைப் பதிவேடு. முன்பக்கத்திலிருந்து தண்ணீரின் தினசரி முடிவுகள். பின்பக்கத்திலிருந்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நான். பக்கங்களுக்கு எண் இருக்கிறது. நூல் கோத்து அரக்கு வைத்திருக்கிறார்கள். எதையும் கிழிக்கக் கூடாது. பிழையாக எழுதினால் ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது வாசிக்கக் கிடைக்க வேண்டும், பக்கத்தில் பெயரெழுத்து போட வேண்டும். ஐந்து வருடம் பூட்டி வைக்க வேண்டும்.

ஒரு கதைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கள் ஊரில் இல்லை.

(கதைக்கு மட்டுமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும்.)

2

பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டும். முதலில் நெவேனா. அவளை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவள் இல்லாமல் கதை நகராது.

வயது பத்தொன்பது. பதினைந்தில் பள்ளியை விட்டாள். ஏன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று வகுப்பில் கேட்டார்கள். பதில் தெரியும். தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. வகுப்பே காத்திருந்தது. பிறகு யாரோ கெட்டில் விசில் அடிப்பதைப் போல் ஒலி எழுப்பினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், ஆசிரியரும் சிரித்தார். மறுநாள் பள்ளி வாசல் வரை போனாள். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

ஆலையின் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. குடுவைகள் கேள்வி கேட்பதில்லை.

அடுத்தவள் ராத்கா அக்கா. கிருமி பார்ப்பவள். முப்பது வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. “கண்ணாடி போட்டா ஒன்னு ரெண்டாத் தெரியுது, கழட்டினா ரெண்டும் காணாமப் போயிடுது” என்பாள். அதனால் போன வருடம் மேலாளர் ஓர் உத்தரவு போட்டார்: சோதனைத் தட்டை இரண்டு பேர் வாசிக்க வேண்டும், இரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகுதான் லாரி நகர வேண்டும். இரண்டாம் வாசகராக என்னைப் பழக்கினார்கள். என் கண்கள் நல்லவை. வாய்தான்.

3

தட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

காலையில் ஊற்றிலிருந்து பிடித்து வந்த தண்ணீரில் இருநூற்றைம்பது மில்லியை ஒரு வெள்ளை வடிதாள் வழியாக விடுவோம். தண்ணீர் போய்விடும். தண்ணீராக இல்லாதது தாளில் தங்கிவிடும். அந்தத் தாளைச் சிறு தட்டில், கிருமிக்கு உணவாகும் கூழின் மேல் பரப்பி, உடம்பின் சூட்டில் இரண்டு நாள் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்த இரண்டு நாளில் தன்னைத் தானே பெருக்கிப் பெருக்கி ஒரு புள்ளியாகும். வாய் பேசாத ஒன்று, தான் இருப்பதை அப்படிச் சொல்லும். காலையில் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பனி விழுந்த வயல் நினைவுக்கு வரும். யாரும் நடக்காத வயல்.

சட்டம் அந்த வயலில் ஒரு காலடியைக்கூட அனுமதிப்பதில்லை. ஆர்செனிக்கிற்கு ஓர் அளவு சொல்கிறது, அதுவரை இருக்கலாம். நைட்ரேட்டுக்கு ஓர் அளவு. நஞ்சோடு பேரம் பேசுகிற சட்டம், சூடோமோனாஸ் என்ற இந்தப் பச்சைக் கிருமியிடம் மட்டும் பேசுவதில்லை. இருநூற்றைம்பது மில்லியில் பூஜ்யம். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். பிறந்து நான்கு நாள் ஆன குழந்தைக்கு அப்படியில்லை. எங்கள் பாட்டிலின் மேல் ‘கைக்குழந்தை உணவுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருக்கிறது.

* இன்னொரு விதியும் உண்டு, அது கதையில் பின்னால் தேவைப்படும். இயற்கைக் கனிமநீர் என்று பெயர் வாங்கிய தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்யக் கூடாது. ஒரு துளி குளோரின் பட்டாலும் அது அந்தப் பெயரை இழந்துவிடும். கெட்டுப்போனால், கெடுத்தது எது என்று கண்டுபிடித்து அகற்ற வேண்டும். பிறகு ஓட விட வேண்டும். தண்ணீர் தானாகவே தன்னிடம் திரும்பி வரும் வரை.

4

ஜூன் 26, காலை ஏழரை மணி.

முற்றத்தில் லாரி நிற்கிறது. இருபத்து நான்காம் தேதி நிரப்பிய பாட்டில்கள், நகரத்துப் பிரசவ மருத்துவமனைக்கு. ஓட்டுநர் வேலிச்கோ ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“தண்ணி டாக்டரம்மாக்களா! கையெழுத்துப் போட்டாச்சா, இல்ல தட்டுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?”

“சூரியகாந்தி வெதையக் கொறிச்சிக்கிட்டுக் கம்முனு நில்லு” என்றாள் அக்கா.

“ஒரு பை காலிக்கா. இனிமே டயரத்தான் கொறிக்கணும்.”

“கொறி. பல்லாவது சுத்தமாவும்.”

சிரித்துக்கொண்டேதான் விளக்கை அணைத்தாள். ஊதா விளக்கைப் போட்டாள். தட்டைக் கண்ணருகே தூக்கினாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அவள் அதை விட்டுப் போய்விட்டாள்.

வெள்ளை வயலின் ஓரத்தில் ஒரு புள்ளி. பச்சையாக ஒளிர்ந்தது. பார்க்க அழகாக இருந்தது என்று எழுத எனக்கு அச்சமாக இருக்கிறது, இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கேட்டாள். உனக்கும் அது தெரியுதா, இல்ல எனக்கு மட்டுந்தானா?

மறைக்கக் கேட்கவில்லை. தன் கண்ணை அவள் நம்பவில்லை, என் கண்ணை நம்பினாள். நான் ‘இல்லை’ என்று சொன்னால், அந்தப் புள்ளி அவளுக்கும் இல்லை.

இங்கே கதையை நிறுத்துகிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் இங்கேதான் முடிவைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நானும் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

4-அ

“தெரியல அக்கா” என்றாள் நெவேனா. வேலிச்கோ கையெழுத்தை வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி போனார். நகரத்தில், மூன்றாம் மாடியில், ஒரு செவிலி மூடியைத் திருகினாள். தொட்டிலில் இருந்த குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அதன் அம்மா மனதுக்குள் அதை –

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பெயரை யோசித்ததும் குழந்தை கண்ணைத் திறந்துவிட்டது. – நெ.]

4-ஆ

“தெரியுது அக்கா. அது என்னோடது” என்று நெவேனா தெளிவாக, கணீரென்று சொன்னாள். எல்லோரும் ஓடி வந்தார்கள். எல்லோரும் மன்னித்தார்கள்.

[அடித்தது, முழுவதும். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் நான் இல்லை. – நெ.]

ஆனால் ‘என்னோடது’ என்ற சொல் கையை மீறி விழுந்துவிட்டது. ஒற்றைக் கோட்டுக்கு அடியில் அது வாசிக்கத்தான் கிடைக்கிறது. எனவே இரண்டு நாள் பின்னால் போக வேண்டும்.

5

ஜூன் 24, எனியோ நாள், எங்கள் கோடைத் திருநாள். அன்று விடியும்போது சூரியன் மூன்று முறை துள்ளும் என்பார்கள். அதற்கு முன்பே பெண்கள் ஊற்றுக்குப் போய்ப் பேசாத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. மூலிகைப் பூக்களைச் சிவப்பு நூலால் கட்டிச் செம்பில் போட்டு, மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலை வந்த பிறகு ஊற்றைச் சுற்றி வேலி. ‘முதல் பாதுகாப்பு வளையம், உள்ளே வரக் கூடாது’ என்று பலகை. ஊற்றுக் கண்ணுக்கு மேல் கல் அறை, எஃகுக் கதவு. ஊர்க்காரர்களுக்கு வெளியே ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார்கள். குழாய் இரைகிறது. இரைகிற தண்ணீர் எப்படிப் பேசாத் தண்ணீராகும்? எனவே வருடத்தில் ஒரு காலை மட்டும், அரை மணி நேரம், காவல்காரர் மெதோதி சித்தப்பா கதவைத் திறந்து வைப்பார். உள்ளே வழிந்தோடும் கால்வாயில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஊற்றின் கண்ணில் யாரும் கை வைக்க மாட்டோம்.

ஆலையில் தலைக்கு வலை மாட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டு பாட்டில் வரிசையில் நிற்கிற அதே முப்பது பெண்கள்தான் செம்போடு போகிறவர்களும். இந்த விதிமீறலை அவர்களில் யாரும் பொய் சொல்லி மறைத்ததில்லை. பேசக் கூடாத காலையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். பாட்டிலில் போவதும் செம்பில் வருவதும் ஒரே தண்ணீர் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் உண்மை.

அந்தக் காலையில் பேச அனுமதி உள்ளவர் மெதோதி சித்தப்பா ஒருவர்தான். எங்களைப் பேச வைத்துத் தோற்கடிப்பது அவர் விளையாட்டு.

“வாங்க வாங்க, ஊமைச்சிங்க ஊர்வலம்! யாரு முதல்ல ‘ஐயோ’ங்கிறீங்களோ அவங்களுக்கு என் கழுதைய இனாமாத் தரேன்.”

பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். நான் கடைசி. என்னைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது.

“அட, நெவேனா புள்ளையா? உனக்கென்ன கஷ்டம்? நீ வருஷம் பூராப் பேசாத் தண்ணிதானே சொமக்குறே.”

நான் நினைத்துக்கொண்டு போனது அதைத்தான். கேட்டால் பதில் சொல்ல வாய் வர வேண்டும். ஒரு காலை முழுக்க வாய் மூடியிருந்து வாய் கேட்கப் போனேன்.

அதற்கு முன் நான்கு நாளாக எங்கள் முற்றத்தில் அந்தச் செம்பில் பூ ஊறிக் கிடந்தது. கொதிநீர் ஊற்றிக் கழுவ எடுத்தேன், அம்மா பிடுங்கிக்கொண்டாள். “கொதிக்கிற தண்ணி சளசளன்னு பேசும்டி. பேச்சு பட்ட செம்பு ஆகாது.” தினமும் நூறு குடுவைகளைக் கொதிக்க வைப்பவள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

கல் அறைக்குள் கால்வாயை எல்லோரும் சூழ்ந்திருந்தார்கள். கூச்சம். அவர்கள் போகட்டும் என்று ஊற்றுக் கண்ணின் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அடியிலிருந்து மணல் எழுந்து எழுந்து அடங்குவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நூல் நழுவி, செம்பிலிருந்த பூக்கட்டு ஊற்றுக் கண்ணுக்குள் விழுந்தது. செம்பை உள்ளே முக்கி வளைத்து எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. தோள் வரை கையை விட்டேன். பூ கிடைத்தது. நூல் கிடைக்கவில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் மெதோதி சித்தப்பா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

“சரி விடு புள்ள. தண்ணி கோவிச்சுக்காது” என்றார். “ஓடு, சூரியன் துள்ளிடப்போவுது.”

நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். பேசக் கூடாத காலை.

6

இப்போது ஊதா விளக்குக்குத் திரும்பலாம்.

எங்கள் ஊர் வழக்கப்படி, எல்லோரையும் போலத் தலையை இடவலமாக ஆட்டினேன். ஆமாம்.

“இருட்டுல தலைய ஆட்டுனா எனக்கு எப்பிடித் தெரியும்? வாயத் தொற, கண்ணு. தலையாட்டுனத பதிவேட்டுல எழுத முடியாது.”

தொண்டையில் நின்றது. கெட்டில் விசில் கேட்டது. கீழே வேலிச்கோ ஹாரன் அடித்தார். நான் பேனாவை எடுத்து, முன்பக்கம், ஜூன் 24, ஊற்று, சூடோமோனாஸ் என்ற கட்டத்தில் 1 என்று எழுதி இரண்டாம் வாசகர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பெயரெழுத்து மட்டும் இல்லை, முழுப் பெயர்.

அக்கா விளக்கைப் போட்டு அதைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள்.

“வேலிச்கோ, எறக்கு.”

“எத எறக்க?”

“எல்லாத்தையும்.”

அவர் லாரியின் பின்கதவைத் திறக்கப் போனார்.

இது நல்ல முடிவாக இருந்திருக்கும். தலைப்பும் பொருந்துகிறது. ஆனால் அந்த ஒன்று யாருடையது என்று எழுதக் கட்டத்தில் இடம் இல்லை, நானும் எழுதவில்லை.

7

குழாய்களைப் பிரித்தார்கள். ஊற்றை ஆற்றில் திருப்பி விட்டார்கள். குளோரின் கூடாது, ஓட விடுவது மட்டும்தான் வழி. ஒன்பது நாள் ஓடியது. இயந்திரங்கள் நின்றுபோன ஊரில் தண்ணீர் ஓடும் சத்தம் படுக்கையறை வரை கேட்டது. எல்லோருக்கும் அந்த வாரம் தண்ணீர்க் கனவுகள் வந்தன. அம்மா, தன் கூந்தலில் மீன்கள் நீந்துவதாகக் கண்டாள். நான் கனவு காணவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊற்று வாயின் சல்லடையில் அவர்களுக்கு ஒரு துண்டு சிவப்பு நூல் கிடைத்தது.

மேலாளர் ஸ்டொய்னேவ் எல்லோரையும் கிடங்கில் நிற்க வைத்தார். நூலைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிப் பிடித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“சுகாதார ஆய்வாளருக்கு நான் எழுதிக் கொடுக்கணும். எப்பிடி வந்துச்சு, இனி எப்பிடி வராதுன்னு. யாருது இது?”

வரிசைப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: “செவப்பு நூல் யாரு வீட்டுல இல்ல ஐயா? உங்க வீட்டு செர்ரி மரத்துல மார்ச்சுல வசந்தத்துக்குன்னு கட்டுனது இன்னும் தொங்குது.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். முப்பது பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் அது தன்னுடையதாக இருக்குமோ என்று அஞ்சினாள். அஞ்சாமல் நின்றவள் நான் ஒருத்தி. எனக்குத்தான் தெரியுமே.

மெதோதி சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். “சாவி என்கிட்டதான் இருந்துச்சு” என்றார். “கதவத் தொறந்தது நான். வேற யாரையும் கேக்காதீங்க.”

[அடித்தது: “நான்தான்” என்று உரக்கச் சொன்னேன். – நெ.]

வாயைத் திறந்தேன். ‘நா’ வரை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகவாயை மெல்ல மேலே தூக்கினார். வேண்டாம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் காவல் வீடு ஆலையுடையது. வேலை போய்விட்டது, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கழுதையை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

நேற்று மூன்றாவது முறையாகத் தட்டு பூஜ்யம் காட்டியது. நாளை இயந்திரங்கள் ஓடும். தண்ணீர் தன்னிடம் திரும்பி வந்துவிட்டது. கெடுத்தது எது என்ற கட்டத்தில் மேலாளர் ‘காவலரின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறார். பிழையாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டுத் திருத்த வேண்டும். இந்த ஏழு பகுதிகளும் அந்தக் கோடுதான்.

இதைப் பின்பக்கம் திறந்தபடியே ராத்கா அக்காவின் மேசையில் வைக்கப் போகிறேன். அடியில் கட்டம் போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

முதல் வாசகர்: நெவேனா.
இரண்டாம் வாசகர்:

உனக்கும் அது தெரியுதா அக்கா?

8

இந்தப் பகுதி மட்டும் வீட்டு நோட்டில் இருக்கிறது. கிழிக்கக்கூடிய நோட்டு.

முன்னவை ஏழும் உங்கள் கையில் இருப்பதால் பதிவேடு பிழைத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். என் வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம், அடித்தவை உட்பட. திரும்ப எழுதியிருக்கலாம்.

அக்கா காலை எட்டு மணிக்கு வந்தாள். மேசையில் தலைகீழாகக் கிடந்ததை நேராக வைக்கப் போனாள், என் எழுத்தைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், பூதக்கண்ணாடியை எடுத்தாள். புள்ளிகளை எண்ணும் அதே விரல் வரிக்கு வரி நகர்ந்தது. நான் அவளுக்கு முதுகு காட்டித் தொட்டியில் குடுவைகளைக் கழுவினேன். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவள் நிழல் தெரிந்தது.

ஓரிடத்தில் சிரித்தாள். டயராக இருக்கும். ஓரிடத்தில் விரல் நின்று, நீண்ட நேரம் நகரவில்லை. பிரசவ மருத்துவமனையின் மூன்றாம் மாடி என்று நினைக்கிறேன்.

பிறகு பக்கங்கள் தீர்ந்துவிட்டன. பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது, அல்லது பூதக்கண்ணாடியைக் கீழே வைத்த சத்தம். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அன்று பதில் தொண்டையில் நிற்கவில்லை. நாக்கின் மேலேயே இருந்தது, ஒரு கேள்வி போதும்.

எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே நடை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் மேலாளர் அறை. வலப்பக்கம் கொதிகலன் அறை, தட்டுகளில் வளர்ந்ததை எல்லாம் எரிக்கிற இடம். எதில் போனாலும் அவளிடம் என்மேல் அன்பு உண்டு என்று எனக்குத் தெரியும். மெதோதி சித்தப்பாவுக்கு ஒன்றில்தான் வீடு உண்டு.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அலமாரிக் கண்ணாடியில் அவள் பதிவேட்டை மூடி, மார்போடு சேர்த்துப் பிடித்தது தெரிந்தது. நிரம்பிய செம்பைத் தூக்குகிறவள் போல இரண்டு கைகளாலும். நான் குழாயை மூடினேன், காலடி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க. அக்காவின் செருப்புகள் ரப்பர்.

ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.